கல்மாவுக் கோலம்

ரத்தப்புழு என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது பாவம், அதன் மேல் ஒரு தப்பும் கிடையாது. காற்றில்லாத நாற்றத் தண்ணீரிலும் மூச்சுவிடத் தெரிந்த பிறவி, எங்கே அழுக்கு இருக்கிறதோ அங்கே குடியேறிக் கிடக்கிறது. ஆனாலும் அந்தத் தட்டு நாளன்று, ஊர் மொத்தமும் ஓடைக்கரையில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருக்க, வெள்ளைத் தட்டில் சிவப்பு நூலை அறுத்துப் போட்டது மாதிரி அவை நெளிந்ததைக் கண்டதும் தட்டோடு தூக்கி வீசிவிடலாமா என்று வந்தது.

வீசவில்லை. ஒவ்வொன்றாக இடுக்கியால் ஒதுக்கி, வழக்கப்படி உரக்கப் பெயர் சொன்னேன்.

"நத்தை. தட்டான் குஞ்சு. ரத்தப்புழு. ரத்தப்புழு. அட்டை. ரத்தப்புழு."

கரையில் யாரோ 'ப்ச்' என்றார்கள். எண்ணி முடிக்குமுன்பே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, இந்த முறையும் பிள்ளை இல்லை.

என் பெயர் ஆவுடை. நெடுங்குகையில் கல் புரட்டுவது என் வேலை. எங்கள் ஊர் செவ்வாயின் தரைக்கு அடியில், எரிமலைக் குழம்பு ஓடி ஓடிக் குடைந்த ஒரு நீளக் குகை. பூட்டன்மார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து, குகையின் வாயை அடைத்து, பனியை உருக்கி ஓடை விட்டு, கடைசியில் ஓர் ஏரி கட்டினார்கள். அந்த ஏரியின் பாசி விடுகிற காற்றைத்தான் நாங்கள் மூச்சு இழுக்கிறோம். ஏரி படுத்தால் ஊரும் கூடவே படுக்கவேண்டியதுதான்.

அதனால் எங்கள் சட்டம் கொஞ்சம் கடுமை. ஏரியால் இன்னொரு வாயைத் தாங்க முடியும் என்று தெரிந்தால்தான் இன்னொரு பிள்ளை. தாங்குமா என்று சொல்கிறவை பூச்சிகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏரிக்குப் போகும் ஓடையில் வலையைப் பிடித்துக் கல்லைப் புரட்டி, வலையில் விழுந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்ப்பேன். எந்தத் தண்ணீரிலும் பிழைக்கிற ரத்தப்புழுவுக்கு இரண்டு புள்ளி. கல்துகளை ஒட்டிச் சட்டை தைத்துப் போட்டுக்கொள்ளும் புழு ஒன்று உண்டு, கல்லுச்சட்டை என்போம், அதற்கு எட்டு. சுத்தமான ஓட்டத்தில் மட்டும் உயிர் தரிக்கிற ஒருநாள் பூச்சியின் குஞ்சுக்குப் பத்து. ஒரு ஜாதியில் எத்தனை விழுந்தாலும் புள்ளி ஒரு தடவைதான். கூட்டினால் நூறைத் தொடவேண்டும். தொட்டால் வரிசையில் முதலில் நிற்கிற தம்பதிக்கு ஒரு பிள்ளை. பெண்ணுக்கு நாற்பது முடிந்தால் வரிசையிலிருந்து பெயர் விழுந்துவிடும்.

வரிசையில் முதல் பெயர் என்னுடையது. என்னுடையதும் என் வீட்டுக்காரர் செல்லையாவுடையதும். எனக்கு முப்பத்தெட்டு முடிந்துவிட்டது. மூன்று வருஷமாக முதலில் நிற்கிறோம், மூன்று வருஷமாக ஓடை நூறைத் தொடவில்லை. ஊரில் கடைசியாகப் பிறந்த பிள்ளை இப்போது எதிர்த்துப் பேசவும் கற்றுக்கொண்டுவிட்டது. அதற்குப் பிறகு இந்தக் குகையில் ஒரு பச்சைக்குழந்தை அழுது யாரும் கேட்கவில்லை. எங்களுக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்கள் இந்த மூன்று வருஷத்தில் நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். அதில் ஒருத்தி இன்றுவரை தட்டு நாளுக்கு வருவதில்லை.

"எவ்வளவு?" என்று கேட்டார் சபைத் தலைவர் சுடலைமணி அண்ணாச்சி.

"எழுபத்தொண்ணு."

"போன தடவ எம்பதுக்கு மேல இருந்துச்சே தாயி. தண்ணி மானியெல்லாம் நல்லாத்தான காட்டுது. பூச்சி மட்டும் ஏன் இப்படிச் சொணங்குது?"

"மானி இந்த நிமிசத்துத் தண்ணியைத்தான் சொல்லும் அண்ணாச்சி. காலைல எதையாவது கலந்துவிட்டு மத்தியானம் மானியைப் பாத்தா ஒண்ணும் தெரியாது, தண்ணிதான் ஓடிப்போயிருமே. பூச்சி ஓடாது. கல்லுக்கடியில அங்கனயேதான் கிடக்கும். ஆறு மாசமா என்ன வந்துச்சு, என்ன போச்சுன்னு அதுகிட்டதான் கேக்கணும்."

"அப்ப யாரோ கலக்குதாங்கியா?"

"சத்துள்ளது எதுவோ விழுது. சோறோ மாவோ. அது அழுகும்போது தண்ணியில உள்ள காத்தைத் தின்னுரும். நல்ல பூச்சிக்கு மூச்சு முட்டும். ரத்தப்புழுவுக்கு அதுதான் கல்யாண விருந்து."

அண்ணாச்சி மோவாயைத் தடவினார். ஓடையில் தின்பண்டம் எதையும் போடக்கூடாது என்பது குகையில் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். போட்டவர் வரிசையில் நின்றால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

கூட்டம் கலைந்தது. செல்லையா என் பக்கத்தில் வந்து ஈர வலையை வாங்கிக்கொண்டார். எப்போதும் அப்படித்தான். தட்டு நாளன்று நான் எதையும் சுமக்க விடமாட்டார்.

"அடுத்த தடவ கிடைக்கும்ட்டி," என்றார்.

"ஆமா, கிடைக்கும் கிடைக்கும். பேரப்பிள்ளையாவே கொடுத்துருவாங்க," என்றேன் வெடுக்கென்று. அவர் வலையைப் பிழிந்துகொண்டே நடந்தார். ஆள் மெலிந்திருந்தார். கொஞ்ச நாளாகவே தட்டில் போட்ட தோசையில் பாதியைத் தள்ளிவைக்கிறார், கேட்டால் வயிறு சரியில்லை என்பார். எனக்கு இருக்கிற ஏக்கம்தான் அவரையும் உள்ளே தின்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில் ஓர் ஆறுதலும் இருந்தது, பொய் சொல்வானேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வரிசையில் நிற்கிற தம்பதிகளில், ஆண்பிள்ளை தினமும் காலையில் ஓடைக்கரையில் கோலம் போடவேண்டும். பெண்தான் பத்து மாதம் சுமக்கப்போகிறாள், கோலத்தையாவது அவன் போடட்டும் என்று எந்தப் புண்ணியவதியோ ஆரம்பித்து வைத்தது. வரிசையில் கடைசி ஆளுக்கு ஏரிப் பக்கம் இடம். முன்னேற முன்னேற இடமும் மேலே ஏறும். முதல் ஆளுக்கு ஊற்றுக்குப் பக்கத்தில். கல்லை அரைத்த மாவில்தான் போடவேண்டும், அரிசிமாவு ஆகாது. காலையில் குகைக் கூரையிலிருந்து செடிகளுக்காகத் தூறல் விடுவார்கள், அதில் கோலம் கரைந்து ஓடைக்குள் போகும். கல்மாவு போனால் ஓடைக்கு ஒன்றும் ஆகாது.

அது எனக்கு மறுநாள்தான் உறைத்தது. ஏழு கோலம், ஏழு ஆண்பிள்ளை, அதில் எவனோ ஒருத்தன் கல்மாவுக்குப் பதில் வேறு மாவு போடுகிறான்.

வலையையும் தட்டையும் எடுத்துக்கொண்டு ஏரியிலிருந்து மேலே நடந்தேன். ஒவ்வொரு கோலத்துக்குக் கீழேயும் கல்லைப் புரட்டினேன். ஏழாவது கோலம், ரத்தப்புழு. ஆறாவது, ரத்தப்புழு. மேலே போகப் போகக் கூடிக்கொண்டே வந்தது. இரண்டாவது கோலத்துக்குக் கீழே ஒரு கல்லைப் புரட்டினால் கல்லின் அடிப்பக்கமே சிவப்பாக இருந்தது.

இரண்டாவது கோலம் தளவாயுடையது. செண்பகத்தின் வீட்டுக்காரர்.

செண்பகம் மதினி என்னைவிட மூத்தவள், கல்யாணம் பிந்தியதால் வரிசையில் எனக்குப் பின்னால். அடுத்த தட்டு நாளோடு அவளுக்கு நாற்பது முடிகிறது. அப்போது நூறு வந்தாலும் பிள்ளை எனக்குத்தான், அவளுக்கு இல்லை. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. தனக்குக் கிடைக்காதது எனக்கும் கிடைக்கக்கூடாது என்று செய்கிறார்கள் என்று ஒரே முடிவாக முடிவுகட்டிவிட்டேன். அதற்கு மேலே இருப்பது எங்கள் கோலம் ஒன்றுதான். அதற்கு மேலே ஏறிக் கல்லைப் புரட்டவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தட்டைக் கையில் பிடித்துக்கொண்டே செண்பகம் வீட்டுக்குப் போனேன். அவள் கீரைப் பாத்தியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"மதினி, இதைப் பாருங்க. உங்க கோலத்துக்குக் கீழ எடுத்தது."

எட்டிப் பார்த்தாள். "ஏ யம்மா, இவ்வளவா?"

"தளவாய் அண்ணன் எந்த மாவுல கோலம் போடுதாரு?"

அவள் முகம் மாறியது. குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தாள். "என்ன கேக்க நீ?"

"உங்களுக்கு இல்லன்னா யாருக்குமே இருக்கக்கூடாதா? அதைத்தான் கேக்கேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது இப்போது நினைத்தால். அவள் சண்டைக்கு வருவாள் என்று நான் இடுப்பில் கை வைத்து நின்றேன். அவள் வரவில்லை. உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் திறந்தாள். கல்மாவு. ஒரு சிட்டிகை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"நாக்குல வச்சுப் பாரு. நறநறன்னு இருக்கும். ஆவுடை, எனக்குக் கிடைக்காதுன்னு எனக்கு எப்பவோ தெரியும். உனக்காச்சும் கிடைச்சா, பக்கத்து வீட்டுல ஒண்ணு தவழும், நானும் தூக்கிட்டுத் திரிவேன்னு இருக்கேன். அந்த மனுசன் எனக்காகவா கோலம் போடுதாரு? மூணு வருசமா உனக்காகத்தான் போடுதாரு." தட்டைப் பார்த்தாள். "உனக்கு வேணுங்கிற இடம் வரைக்கும் பாத்துட்டு வந்துட்ட. மேல போய்ப் பாத்தியா?"

நான் பார்க்கவில்லையே.

திரும்பும்போது கால் தானாக ஓடைக்குப் போயிற்று. செண்பகம் சொன்னது சுருக்கென்றிருந்தது, அவள் மூஞ்சியில் கரி பூசியாவது வரவேண்டும் என்ற வீம்பும் இருந்தது. இரண்டாவது கோலத்துக்கு மேலே, எங்கள் கோலத்துக்குக் கீழே, ஒரு கல்லைப் புரட்டினேன்.

சிவப்பு.

இன்னும் மேலே போனேன். எங்கள் கோலத்தைத் தாண்டி ஊற்றுப் பக்கம் ஒரு கல்லைப் புரட்டினேன். ஒருநாள் பூச்சிக் குஞ்சுகள் மூன்று வாலையும் ஆட்டிக்கொண்டு வலைக்குள் சிதறின. கல்லுச்சட்டைகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு ரத்தப்புழுகூட இல்லை. பத்து, பத்து, எட்டு, எட்டு என்று வாய் தன் பாட்டுக்கு எண்ணியது. என் ஓடை நன்றாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டுக் கோலம் வரைக்கும் நன்றாக இருந்தது.

கரையில் காலைத் தூறலில் பாதி கரைந்து மிச்சம் கிடந்த எங்கள் கோலத்தைத் தொட்டு நாக்கில் வைத்தேன். நறநறக்கவில்லை. மெத்தென்று கரைந்தது. அரிசி.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் தள்ளிவைத்த தோசையெல்லாம், வேண்டாம் என்ற சோறெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் ஊரில் அரிசி அளந்துதான் கொடுப்பார்கள். தன் பங்கை வாயைக் கட்டி மிச்சம் பிடித்து, மாவாக்கி, பூச்சிக்குப் போட்டிருக்கிறார். நன்றாகத் தின்றால் நன்றாகப் பெருகும், பெருகினால் நூறு வரும், நூறு வந்தால் பிள்ளை. பூமியில் எறும்புக்கு அரிசிமாவில் கோலம் போட்டவர்களின் பேரன்தானே, வேறு எப்படி யோசிப்பார்? கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. கடைசியில் அவரை நினைத்துச் சிரிப்பும் வந்துவிட்டது. இப்படி ஒரு அசடைக் கட்டிக்கொண்டோமே என்று அவர் மேல் ஆசைகூட வந்தது. அந்த ஆசையோடுதான் வீட்டுக்குப் போனேன்.

செல்லையா வெளிவேலைக்காரர். குகைக்கு வெளியே, செவ்வாயின் மேல்தரையில் வெயில் பலகைகளைப் பழுதுபார்க்கிற ஆட்களில் ஒருவர். அன்றைக்கு முறை இல்லாததால் வீட்டில் இருந்தார், கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்தேன்.

"ஏங்க, பூச்சிக்குச் சோறு போட்டா பிள்ளை வரும்னு உங்களுக்கு எந்தக் கோட்டிப்பய சொன்னான்?"

கத்தி நின்றது.

"கோலத்தை நக்கிப் பாத்துட்டுத்தான் வாரேன். பசியும் பட்டினியுமாக் கிடந்து மாவு போட்டீகளாக்கும். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா? ஏங்க, மாவு அழுகுனா காத்து போயிரும், நல்ல பூச்சி செத்துரும். ரத்தப்புழுதான்..."

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"ரத்தப்புழுதான் பெருகும்னு தெரியும். பன்னெண்டு வருசமா இந்த வீட்டுல ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பூச்சியைத் தவிர வேற என்ன பேசியிருக்க? எனக்குத் தெரியாதா ஆவுடை."

அவர் சொன்னது எனக்கு உடனே புரியவில்லை. கத்தரிக்காய்த் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சா போட்டீக?"

ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"உங்களுக்குப் பிள்ளை வேண்டாமா?"

"வேண்டாம்னா நான் ஏம்ட்டி அழுதேன் ராத்திரியெல்லாம்?" கத்தியைக் கீழே வைத்தார். "மூணு வருசத்துக்கு முன்னால சூரியப் புயல் அடிச்சுதுல்லா. அன்னைக்கு நான் வெளிய மாட்டிக்கிட்டேன். ஒண்ணும் இல்லன்னு உன்கிட்ட சொன்னேன். வைத்தியர் சோதிச்சுப் பாத்தாரு. என்னால ஆகாதாம். கதிர் பட்டதுல விதை ஒரு பொட்டுகூட இல்லியாம். இனிமே வராதாம்."

எங்கள் வைத்தியர் அப்படித்தான், உரியவர் வாய் திறக்காமல் அவர் திறக்கமாட்டார். ஆனால் நூறு வந்து எங்கள் முறை வந்தால் இரண்டு பேரையும் சோதிப்பார்கள். இன்னொருத்தர் விதையை வாங்கவும் சட்டம் விடாது. இந்தச் சின்னக் குகையில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம், போய் எங்கே சுற்றி எங்கே முட்டும் என்று யாருக்குத் தெரியும்.

"முறை வந்தா வெளிய தெரிஞ்சுரும்," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"ஆமா. அதான் முறை வரவிடல. உனக்கு நாப்பது முடியற வரைக்கும் தள்ளிட்டா, ஓடை தரலன்னு போயிரும். நீ ஓடையை வைவ, பூச்சியை வைவ, சபையை வைவ. என்னைய வைய மாட்ட. செல்லையாதான் தரலன்னு ஆவாதுல்லா."

எனக்கு அவர் தலையில் எதையாவது தூக்கிப் போடவேண்டும் போலவும் இருந்தது, அந்தத் தலையை மடியில் வைத்துக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"ரெண்டு பொம்பளைக வரிசையிலேருந்து விழுந்துட்டாங்க. அவங்க உங்களுக்கு என்ன செஞ்சாங்க?"

"ஒண்ணும் செய்யல."

"செண்பகம் மதினியை இப்பத்தான் போய் வாய்க்கு வந்தபடி பேசிட்டு வந்திருக்கேன்."

முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

"மூணு வருசத்துக்கு முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா நீ என்ன செஞ்சிருப்ப?" என்று கைகளுக்குள்ளிருந்தே கேட்டார். "அப்ப உனக்கு முப்பத்தஞ்சு. என்னைய விட்டுட்டு வேற ஒருத்தனோட வரிசையில கடைசியாப் போய் நின்னிருக்கலாம். நேரம் இருந்துச்சு. போயிருப்பியா, மாட்டியா? எனக்கு அது தெரியல. கேக்கவும் பயமா இருந்துச்சு."

போயிருக்கமாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. எனக்கும் தெரியவில்லை. எனக்குப் பிள்ளை வேண்டும். எப்படி வேண்டும் என்று சொல்லத் தெரியவில்லை, நெஞ்சுக்குள் ஓர் இடம் எப்போதும் கையை நீட்டிக்கொண்டே இருக்கும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பேனோ, யார் கண்டது. அந்த மூன்று வருஷத்தை எனக்குக் கொடுக்காமலே அவர் செலவழித்துவிட்டார். யோசித்து முடிவெடுக்கிற பாடாவது என்னுடையதாக இருந்திருக்கும்.

அன்றைக்கு இருவரும் சாப்பிடவில்லை. நறுக்கிய கத்தரிக்காய் கறுத்துப்போய் அப்படியே கிடந்தது.

இரண்டு நாள் கழித்துச் சுடலைமணி அண்ணாச்சியைப் போய்ப் பார்த்தேன். போகிற வழியெல்லாம் எதைச் சொல்வது என்று மனதுக்குள் உருட்டிக்கொண்டே போனேன். சொல்லாமல் இருக்க முடியாது, ஓடை என் பொறுப்பு. முழுதையும் சொன்னால் அவர் இந்தக் குகையில் தலைநிமிர்ந்து நடக்கமுடியாது. அந்த இரண்டு பெண்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் அவர் தினமும் வேலைக்குப் போகவேண்டும்.

"மாவு எங்க கோலத்துலேருந்துதான் விழுந்திருக்கு அண்ணாச்சி."

"செல்லையாவா?"

"பூச்சி பட்டினியாக் கிடக்குன்னு நெனச்சிருக்காரு. தின்னா பெருகும், பெருகுனா பிள்ளை கிடைக்கும்னு. தன் சோத்தை மிச்சம் பிடிச்சுப் போட்டிருக்காரு."

அண்ணாச்சி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவர் கண் கலங்கிவிட்டது. "ஆசை கண்ணை மறைச்சிருச்சு, பாவி மனுசனுக்கு. ஆனா தாயி, சட்டம்னு ஒண்ணு இருக்கே. உங்க பேரை எடுத்துருவாங்களே."

"எடுத்துருங்க."

"நீ ஓடையைப் பாக்கிறவ. உனக்காகச் சபையில பேசிப் பாக்கட்டுமா?"

"வேண்டாம் அண்ணாச்சி. எடுத்துருங்க."

பாதி உண்மையைச் சொல்லி மீதியை விழுங்கிவிட்டேன். அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வரிசையிலிருந்து விழுந்த அந்த இரண்டு பேருக்கும் முழு உண்மையையும் கேட்கிற உரிமை உண்டு. நான் கொடுக்கவில்லை. கட்டினவரைக் காப்பாற்றத்தான் செய்தேன், வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

செண்பகத்திடம் போய் நின்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள் மதினி என்றேன். அதற்குள் அவளுக்கு விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது.

"விடு. ஆசைல செஞ்சிருக்காரு, பாவம். சோத்தைத் தின்னாம போட்டிருக்காருன்னா மனசுல எவ்வளவு இருக்கணும்." என் கையைப் பிடித்தாள். "எங்க வீட்டுல உள்ளதுகிட்ட சொன்னேன், செல்லையா அண்ணனைப் பாத்து ஏக்கப்படக் கத்துக்கிடுங்கன்னு."

மற்றதைச் சொல்லாமல் கையை விடுவித்துக்கொண்டேன். "உள்ள வா, காப்பி குடிச்சிட்டுப் போ," என்றாள்.

ஊருக்குள் அவருக்கு 'மாவு மாப்பிள்ளை' என்று பெயர் விழுந்தது. பொடிசுகள் முதல் அண்ணாச்சி வரை எல்லாரும் கூப்பிட்டார்கள். கிண்டலில் பிரியமும் இருந்தது. பிள்ளை ஆசையில் புத்தி பிசகிய நல்ல மனுஷன் என்று எல்லாருக்கும் அவர் மேல் ஓர் இரக்கம் வந்துவிட்டது. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொள்வார். வெட்கப்படுகிறார் என்று சிரிப்பார்கள். நான் எதற்குக் குனிகிறார் என்று தெரிந்து பக்கத்தில் நடப்பேன்.

எங்கள் கோலம் நின்றதும் ஓடை மெல்லத் தெளிந்தது. ஓட்டத்தில் சகதி கழுவிக்கொண்டு போயிற்று. ஊற்றுப் பக்கமிருந்து ஒருநாள் பூச்சிகள் கல் கல்லாகக் கீழே இறங்கி வந்தன. எங்கள் பழைய கோலத்துக்குக் கீழே முதல் குஞ்சைப் பார்த்த அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எதற்கு இந்தச் சந்தோஷம் என்று கேட்டுக்கொண்டேன். இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த தட்டு நாள் வந்தது. செண்பகம் கூட்டத்தில் பின்னால் நின்றாள். அவளுக்கு நாற்பது முடிய இன்னும் சில வாரம் இருந்தது. வரிசையில் அவள்தான் இப்போது முதல், ஆனாலும் நம்பிக்கையை முகத்தில் காட்டாமல் இருப்பதற்கு ரொம்பப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். தளவாய் அண்ணன் அவளைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வலையைக் கொட்டினேன்.

"கல்லுச்சட்டை. கல்லுச்சட்டை. ஒருநாள் பூச்சி. தட்டான் குஞ்சு. ஒருநாள் பூச்சி. இது அதுல வேற ஜாதி. நத்தை."

நான் கூட்டிக்கொண்டே வந்தேன். தொண்ணூறு. தொண்ணூற்றெட்டு. கடைசியாகத் தட்டின் ஓரத்தில் இன்னொரு ஜாதிக் குஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. முதுகில் இறக்கைப் பை கறுத்து, இன்றோ நாளையோ தண்ணீரை விட்டுக் கிளம்பத் தயாராக இருந்தது. கிளம்பினால் அதற்கு வாய் இருக்காது, தின்னாது, குடிக்காது. முட்டையிடுவதற்கு மட்டும் ஒரு நாள்.

"ஒருநாள் பூச்சி," என்றேன். "நூத்தியெட்டு."

எல்லாரும் அடுத்ததைக் கேட்பதற்காகக் காத்திருந்தார்கள். வழக்கப்படி பெயரைச் சொல்லவேண்டியவளும் நான்தான். இந்த இடத்தில் நின்று என் பெயரையே சொல்லும்போது குரல் நடுங்கக்கூடாது என்று பல வருஷமாகக் குளிக்கும்போது சொல்லிப் பார்த்திருக்கிறேன். செல்லையா, ஆவுடை. செல்லையா, ஆவுடை. அவ்வளவு பழகியிருந்ததால் முதலில் நாக்கு அந்தப் பக்கமே போயிற்று. பிடித்து இழுத்தேன்.

"தளவாய், செண்பகம்," என்றேன். குரல் நடுங்கவில்லை.

செண்பகம் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். தளவாய் அண்ணன் கூரையைப் பார்த்தபடியே அழுதார். அண்ணாச்சி என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். பூச்சிகளை ஒன்று விடாமல் திரும்ப ஓடையில் விட்டேன். ஈர வலையை எடுக்கச் செல்லையா வந்தார். கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து வலையை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மெல்லக் கேட்டார்.

"ஆவுடை, பிள்ளைக்கு ஒரு பேரு நெனச்சு வச்சிருந்தல்லா? என்ன பேரு?"

வைத்திருந்தேன். வரிசையில் பெயர் எழுதிய அன்றே வைத்தது. ஆணோ பெண்ணோ, இரண்டுக்கும் பொருந்துகிற பெயர். முறை வந்ததும் அவர் காதில்தான் முதலில் சொல்லவேண்டும் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். குகையில் விளக்கெல்லாம் அணைந்த பிறகு வாய்க்குள் கூப்பிட்டுப் பார்ப்பேன். கூப்பிட்டால் எதுவோ திரும்பிப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

"நெனச்சிருந்தேன்," என்றேன்.

"சொல்லேன்."

அவர் முகத்தைப் பார்த்தேன். நரைக்க ஆரம்பித்த மீசை, வெளிவேலைத் தலைக்கவசம் உரசிக் கன்றிய கன்னம். இந்த மனுஷனை விட்டு நான் எங்கேயும் போகப்போவதில்லை. அது எனக்கு இப்போது தெரிகிறது. ஆனால் அவர் மூன்று வருஷம் எனக்குத் தெரியாமல் ஒன்றை வைத்திருந்தார்.

"சொல்ல மாட்டேன்," என்றேன்.

அவர் வலையின் மறுமுனையைப் பிடித்து இழுத்துக் கொடியில் மாட்டினார். நான் தட்டைக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தேன். அடுத்த ஆறு மாதத்துக்கு அது அங்கேயேதான் இருக்கும்.